பதினான்காவது வெட்டு

எண்பதுகளின் நடுவில், ஒரு பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில், திண்டிவனத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் தற்காலிக டெக்னீஷியனாக இருந்தேன். பள்ளிகளுக்கு ஒலி-ஒளிக் கருவிகளைக் கொண்டுபோய் இயக்கிக் காட்டுவது எங்கள் வேலை. எங்கள் சொத்து மொத்தமும் என் நோட்டின் முதல் பக்கத்தில் அடங்கிவிடும்: ஸ்லைடு புரொஜெக்டர் ஒன்று, அதற்கு பல்பு மூன்று, ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று, ரிப்பேரில் இன்னொன்று, வெள்ளைத் திரை ஒன்று, நீள ஒயர் இரண்டு. எதையும் எழுதிவைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுத்த டீச்சருக்கு ஒரு பிடிவாதம். புத்தகத்தில் இருப்பதை ஒப்பிப்பது வரலாறு இல்லை, 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பதுதான் வரலாறு என்பார். அதைக் கற்றுத்தர அவர் ராஜாக்களிடம் போகவில்லை. பிரம்மதேசம் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்து ஏரியை எடுத்துக்கொண்டார். பதினாறு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அந்த ஏரி உடைந்து கீழ்த்தெரு வீடுகள் இடிந்துபோயின. கரை தானாக உடைந்ததா, யாராவது வெட்டினார்களா என்பது அந்த ஊரில் முடியாத பேச்சு. ஏரி நிரம்பினால் மேல்பக்கத்து நிலங்கள் மூழ்கும். பயிரைக் காப்பாற்ற மேல்பக்கத்துக்காரர் யாரோ வெட்டிவிட்டார் என்று கீழ்த்தெருவில் சொல்வார்கள்.

மாணவிகள் ஏரியின் பழைய வரைபடத்தையும் இப்போதைய கரையையும் ஸ்லைடில் பார்க்க வேண்டும். பிறகு, அந்தக் காலத்தில் ஏரி மதகைத் திறந்து மூடும் அரசு வேலையில் இருந்தவரின் பேச்சை டேப்பில் கேட்க வேண்டும். அவரை ஊரில் லஸ்கர் என்பார்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டு அவர்களே யோசிக்க வேண்டும். இதுதான் டீச்சரின் திட்டம். மேலிடத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வருவதாக இருந்தது.

டீச்சரும் நானும் ஓய்வு பெற்ற அந்த லஸ்கரைப் பார்க்கப் போனோம். ரோட்டோரம் வீடு. பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லாரிகள். அவர் மைக்கைப் பார்த்து முதலில் கூச்சப்பட்டார். "இது புடிச்சி வச்சிக்கினா அப்புறம் மாத்த முடியாதா?" என்று கேட்டார். "நீங்க சொன்னது சொன்னபடி இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். பதினைந்து நிமிடம் பேசினார்.

வகுப்புக்கு எட்டு நிமிடம்தான் தேவை. விழுப்புரம் திரும்பி, பிளேடும் ஒட்டு நாடாவும் வைத்துக்கொண்டு இருபத்திமூன்று இடத்தில் வெட்டினேன். நகல் எடுக்க இன்னொரு மெஷின் இல்லை. வெட்டியது அசல் நாடாவையேதான். ஒவ்வொரு வெட்டுக்கும் நோட்டில் ஒரு வரி: எண், எத்தனை வினாடி, என்ன காரணம். நீளமானவற்றை வேறொரு ஸ்பூலில் சுற்றினேன். ஒரு முழத்துக்கு மேற்பட்ட துண்டுகளை முதுகில் எண் எழுதி ஓர் உறையில் போட்டேன். அதைவிடச் சின்னவை குப்பைக்கூடைக்குப் போயின. எங்கள் மேலாளர் எட்டிப்பார்த்து, "இன்னாம்மா, சலூன் கடை வச்சிட்டியா?" என்று சிரித்தார். ஒரே ஒரு இடம்தான் சரியாக வரவில்லை. லஸ்கரின் இருமல் ஒன்றில் பிளேடு நடுவில் விழுந்து, இருமலின் வால் நாடாவிலேயே தங்கிவிட்டது. நேரமில்லை, விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை இரண்டு பெட்டிகளோடு பஸ் ஏறினேன். கண்டக்டர், "தவுலா, நாயனமாம்மா? கச்சேரி எங்க?" என்றார். எனக்கும் கச்சேரிக்குப் போகிற மாதிரிதான் இருந்தது.

வகுப்பறை ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு இருட்டாக்கினோம். கரும்பலகையில் டீச்சர் முன்பே மூன்று கேள்விகள் எழுதியிருந்தார். யார் சொல்கிறார்? நேரில் பார்த்தாரா? அதையே வேறு யாராவது சொல்கிறார்களா? வரைபடம் வந்தது, கரை வந்தது. பிறகு டேப்பை ஓடவிட்டேன். மழை எத்தனை நாள் பெய்தது, மதகில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று லஸ்கர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் தெளிவாக ஒரு வாக்கியம்:

"கரைய வெட்டுனது மோட்டார் கொட்டாக்காரரு."

அதையடுத்து அந்த அரை இருமல். இருட்டில் நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு அந்த ஒட்டு சரியில்லாததுதான் உறுத்தியது. சிரிப்பு சட்டென்று நின்றதை நான் கவனிக்கவில்லை.

டீச்சர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "நேரில் பார்த்தாரா?" ஒரு மாணவி எழுந்து, "பாத்திருப்பாரு மிஸ். லஸ்கராச்சே, ஏரியாண்டயேதான இருந்திருப்பாரு" என்றாள். டீச்சர் நெற்றியைச் சுருக்கி ஏதோ நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது. போர்வைகளை விலக்கியபோது மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்திருந்தாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலிடத்திலிருந்து வந்திருந்தவர்கள் கைகுலுக்கினார்கள். "ஒலி ரொம்பச் சுத்தம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிகள் பள்ளியிலேயே இருந்தன. அவற்றை எடுக்க வியாழக்கிழமை காலை மறுபடி போனேன். தலைமை ஆசிரியை அறை வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே மூன்று ஆண்கள். முன்னால் நின்றவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம் பொண்ணு டி.சி.ய குடுத்துடுங்க டீச்சரம்மா. படிச்சது போதும்."

மேல்பக்கத்தில் அந்த ஊரிலேயே முதன்முதலாகக் கிணற்றில் பம்புசெட் வைத்து மோட்டார் கொட்டாய் கட்டியவர் அவர். ஊரில் அவருக்கு அதுவே பெயர். அது யாரென்று டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஏழு மாணவிகளுக்குத் தெரியும். டெஸ்க்கில் தலை கவிழ்த்திருந்தவள் அவருடைய மகள்.

"நேத்து பஸ்ஸுலயே ஆரம்பிச்சிட்டாங்க. 'ஏரிய ஒடச்சவன் பொண்ணு, எழுந்து நில்லுடி, எங்க வூடு போச்சு, உனுக்கு சீட்டு ஒரு கேடா'ன்னு. வூட்டுக்கு வந்து சோறு துன்னல. பதினாறு வருஷமா ஊர்ல ஒருத்தன் என் மூஞ்சிக்கு நேரா சொன்னதில்ல. உங்க பொட்டி சொல்லிச்சி."

தலைமை ஆசிரியை மெதுவாக, "பப்ளிக் பரீட்சைக்கு ரெண்டு மாசம்தாங்க இருக்கு" என்றார்.

"தெரியும். அதுக்கு இன்னா பண்ண சொல்றீங்க?"

கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. முந்தைய நாள் மாலையே இவர்கள் லஸ்கர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். தெருவே கூடிவிட்டது. "அந்த ஆளு கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்றாரு, நான் அப்பிடி முடிவா சொல்லவே இல்லன்னு. எவன் நம்புவான்? மனுசன் பொய் சொல்லுவான். மிஷினு சொல்லுமா?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "அவர் அதுக்கப்புறம் ஏதோ சொன்ன மாதிரி இருக்கும்மா. லாரி சத்தத்துல எனக்குச் சரியா கேக்கல. நீ டேப்ல கேட்டிருப்பியே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குத் தோன்றியது என் வேலைதான். தற்காலிக வேலை, ஒரு புகார் போதும். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் நாடாவை வெட்டலாம் ஒட்டலாம் என்று தெரிந்தவர்கள் டீச்சரும் நானும்தான். எங்கே வெட்டினேன் என்பது டீச்சருக்கும் தெரியாது.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.  பதினான்காவது வரி: 'ஒன்பது வினாடி. ஹாரன், இருமல்.' அவ்வளவுதான். அந்த ஹாரனுக்கு அடியில் பேச்சு இருந்ததா, என்ன பேச்சு, ஒன்றும் எழுதவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஏதோ குரல் கேட்ட ஞாபகம் மட்டும் இருந்தது. வெட்டும்போது நான் வார்த்தைகளைக் கேட்கவில்லை, இரைச்சலைத்தான் கேட்டிருக்கிறேன்.

"அந்த இடத்துல நான் கொஞ்சம் நாடாவை வெட்டி எடுத்தேன். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. துண்டு விழுப்புரத்துல இருக்கு" என்றேன்.

 அந்த அப்பா கேட்டார்: "வெட்டுனியா? அவரு பேசனத நீ வெட்டுனியா?"

"ஆமாங்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "கடேசி பெல்லு வரைக்கும் இங்கயே குந்தினு இருக்கேன். கொண்டா. இல்லன்னா டி.சி. வாங்கிக்கினு போறேன்."

மணி பத்தே முக்கால். கடைசி மணி நாலு பத்துக்கு. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். விழுப்புரம் பஸ் கிளம்பவே பதினோரு மணி தாண்டியது. வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஒரு சரக்கு ரயில் வரும், போகும் என்று பார்த்தால் வரவே இல்லை. மனசுக்குள் பட்டியல் ஓடியது. ஒன்று, உறையை யாராவது எடுத்துப்போட்டிருக்கலாம். இரண்டு, அந்தத் துண்டு ஒரு முழத்துக்குக் குறைவாக இருந்து கூடைக்குப் போயிருக்கலாம். மூன்று, துண்டு கிடைத்தும் அதில் வெறும் ஹாரன் மட்டும் இருக்கலாம். நாலாவதுதான் மோசம்: 'நான் கண்ணால பாத்தேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். எங்கள் மெஷின் ஒரு வினாடிக்கு ஒன்பதரை சென்டிமீட்டர் இழுக்கும். ஒன்பது வினாடிக்கு எண்பத்தைந்தரை. இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது கவலையை மட்டும் அடித்தேன்.

அலுவலகத்தில் ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். நாற்பது நிமிடம் அந்தக் கதவுக்கு முன் நின்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து, "இன்னா பேஜாரு இது, ஒரு வாய் நிம்மதியா துன்ன வுடமாட்டீங்களே" என்றார். உறை இருந்த இடத்தில் இல்லை. அலமாரியைத் துடைத்தவர்கள் கீழே போட்டிருந்தார்கள், பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில். திறந்து எண்களைப் பார்த்தேன். ஒன்பது, பதினொன்று, பதினேழு... பதினான்கு, ஒரு சுருளாக ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. போட்டுக் கேட்க அங்கே ஓடுகிற மெஷின் இல்லை. கேட்காமலே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னிக்கு கச்சேரி இல்லியா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார். உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கு வரும்போது மூன்றேகால். அந்த அப்பா காலையில் நின்ற இடத்தில், இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு டம்ளர் டீ ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்தது. "இங்க வாணாம்" என்றார். "எங்க போட்டீங்களோ அங்கயே போடுங்க. அந்தப் புள்ளைங்க முன்னாலயே."

வகுப்புக்குப் போனோம். அவருடைய மகளும் இருந்தாள். அவளைக் காலையில் அழைத்து வந்ததே டி.சி.யோடு கூட்டிப்போகத்தான். ஐம்பது பேர் பார்க்க, மேசைமேல் நாடாவைப் பிரித்து, பதினான்காவது ஒட்டைக் கிழித்து, துண்டை இடையில் வைத்து ஒட்டினேன். மெஷினைப் போட்டேன்.

"கரைய வெட்டுனது மோட்டார் கொட்டாக்காரரு."

அப்புறம் ஒன்றுமே இல்லை. ஹாரன் இல்லை, குரல் இல்லை. ஒன்பது வினாடியும் ஸ்பூல் சுற்றுகிற சத்தம் மட்டும். பிறகு அந்த அரை இருமல்.

"இன்னாம்மா இது?" என்றார் அப்பா. பின் பெஞ்சில் ஒருத்தி, "வெத்து டேப்பு" என்று முணுமுணுத்தாள்.  அழிந்துவிட்டதா? ஏதாவது காந்தத்தின் பக்கத்தில் வைத்தேனா? கண்ணை மூடிக்கொண்டு பாலிடெக்னிக்கில் படித்ததை முதலிலிருந்து சொல்லிப்பார்த்தேன். இந்த மெஷின் நாடாவின் மேல் பாதியில்தான் பதியும். துண்டை முன்பின்னாக மாற்றி ஒட்டினால், பதிவு கீழ்ப் பாதிக்குப் போய்விடும். மெஷின் மேல் பாதியை மட்டுமே படிக்கும். ஓடும், சத்தம் வராது. அவசரத்தில் எது முன், எது பின் என்று நான் பார்க்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்றேன். எடுத்தேன், திருப்பினேன், ஒட்டினேன். மணி நாலாக ஐந்து நிமிடம்.

"கரைய வெட்டுனது மோட்டார் கொட்டாக்காரரு." உடனே லாரி ஹாரன் வீறிட்டது. அதற்குள்ளிருந்து அதே குரல், இன்னும் தணிந்து: "அப்பிடித்தான் ஊர்ல பேசிக்கினாங்க. நான் பாக்கலம்மா. அன்னிக்கு கிருத்திகன்னு வேலைய வுட்டுட்டு மயிலம் கோயிலுக்குப் போய்ட்டேன். அது என் தப்பு." பிறகு இருமல்.

டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார்.  பதினாறு வருஷம் யாரிடமும் சொல்லாத தன் தவறை அந்த மனிதர் எங்கள் மைக் முன் சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் இரைச்சல் என்று வெட்டினேன்.

முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்த மகள் எழுந்தாள். கண்கள் வீங்கியிருந்தன, ஆனால் குரல் திடமாக இருந்தது.

"அக்கா, நேத்து ஒண்ணு போட்டீங்க. இன்னிக்கு ஒண்ணு போடறீங்க. எங்கப்பா சண்டைக்கு வந்தாருன்னு இத புதுசா புடிச்சிக்கினு வந்து ஒட்டலன்னு எப்பிடி நம்பறது?"

"ஏ, குந்து" என்று அவள் அப்பா அதட்டினார். அவள் உட்காரவில்லை. அப்பாவைக் காப்பாற்றும் சாட்சி கிடைத்திருக்கிறது. அதையும் அவள் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை.

நோட்டை அவளிடம் நீட்டினேன். போன வாரமே எழுதியது, பார் என்றேன். அவள் வரியில் விரல் வைத்துப் படித்தாள். "இதுல ஹாரன், இருமல்னுதான் இருக்குது. பேச்சு வெட்டுனேன்னு இல்லயே."

"இல்ல. அதுதான் நான் செஞ்ச தப்பு" என்றேன். 

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். நேற்றைய மூன்று கேள்விகளும் அழியாமல் இருந்தன. பிறகு, "இன்னொரு வாட்டி போடுங்கக்கா" என்றாள். போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். பிறகு அவள் வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "நேத்து பாதி இருமல்தான் வந்துது. சிரிச்சோமே. இன்னிக்கு அதே இருமல் முழுசா வருது. ஆரம்பம் இந்தத் துண்டுல, முடிவு பழைய டேப்புல. ஒரே இருமல எப்பிடி ரெண்டு நாள்ல இரும முடியும்? இது அங்கேர்ந்து எடுத்ததுதான்."

கீழ்த்தெருப் பெண், முந்தைய நாள் பஸ்ஸில் அவளை எழுப்பி நிறுத்தியவளாம், கையைத் தூக்கினாள். "அப்போ கரைய யாருதான் மிஸ் வெட்டுனது?"

"தெரியாது" என்றார் டீச்சர். "யாராவது வெட்டினாங்களான்னே தெரியாது. அதைத்தான் நாம நேத்து சொல்லியிருக்கணும்." சாக்பீஸை எடுத்து மூன்று கேள்விகளுக்குக் கீழே நாலாவதாக ஒன்றை எழுதினார்: நடுவில் யார் கை பட்டிருக்கிறது?

கடைசி மணி அடித்தது. அந்த அப்பா மகளிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சி, பைய எடு" என்றார். வாசலில் நின்று தலைமை ஆசிரியையிடம், "நாளைக்கு வருவா" என்றார். பிறகு என்னிடம்: "நீ லஸ்கர் வூட்டாண்ட வந்து தெருவுல நின்னு சொல்லணும். பொட்டியில்ல, நீதான் வெட்டுனேன்னு. நானும் வர்றேன், எனுக்கும் அவராண்ட சொல்றதுக்கு இருக்குது."

வெள்ளிக்கிழமை போனேன். தெருவில் நின்று சொன்னேன். லஸ்கர் கேட்டுக்கொண்டார். மோட்டார் கொட்டாக்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். என்னைப் பார்த்து, "சொன்னது சொன்னபடி இருக்கும்னியேம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டீச்சர் இரண்டு முறை கேட்டும் அவர் மைக் முன் உட்காரவில்லை.

அந்தப் பெண் பரீட்சை எழுதி நல்லபடியாகப் பாஸ் செய்தாள் என்று டீச்சர் ஒரு கார்டு போட்டிருந்தார். எனக்கு வேலை போகவில்லை. நடந்ததை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன், அவர் படித்துவிட்டு ஃபைலில் வைத்துவிட்டார். இப்போது எங்களிடம் வீடியோவே வந்துவிட்டது. வெட்டுவது இன்னும் சுலபம், துண்டுகூட மிஞ்சாது. நோட்டில் நான் கூடுதலாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: 'இதில் என்ன பேசப்பட்டது?' அதை நிரப்பாமல் பிளேடையோ பொத்தானையோ தொடுவதில்லை. ஏனென்றால் ஒரு மனிதரின் நேர்மையும் ஒரு பெண்ணின் படிப்பும் சேர்ந்து இருந்த அந்த ஒன்பது வினாடி, என் பழகிய காதுக்கு வெறும் லாரி ஹாரனாகத்தான் கேட்டது.